நாலு ஃபைல், ஒரு கூத்து: எதுல போட்டுப் பார்க்கறது?

போன எபிசோடு ஒரு வாரம் தள்ளிப் போச்சு, மன்னிச்சுக்கோங்க. நான் சென்னையில இல்ல. செஞ்சிப் பக்கத்துல எங்க ஊர்ல, ஆயா வீட்டுத் திண்ணையில, மடியில லேப்டாப்பும் பக்கத்துல ஒரு பழைய ஹார்டு டிஸ்க்குமா உட்கார்ந்திருந்தேன்.

விஷயம் இதுதான். எங்க தாத்தா தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவர். 2011ல தவறிட்டார். இந்த வருஷ பாரதத்துல அதே வேஷத்தைக் கட்டப் போறவர் எங்க சொந்தக்காரப் பையன்தான். அவன் போன் பண்ணி, "அண்ணே, தாத்தா திரைக்குப் பின்னாடி நின்னு பாடுவாரே, அந்த வரவுப் பாட்டு ரெக்கார்டு எதுனா இருக்குதா?"ன்னு கேட்டான். இருக்குன்னு சொல்லிட்டேன். சித்தப்பா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தது எனக்குத் தெரியும்.

ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். நாலு ஃபைல் இருந்தது. நாலையும் டபுள் க்ளிக் பண்ணேன். நாலுமே ஓடல. லேப்டாப்போட வந்த ப்ளேயர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாக்கு சொல்லுச்சு. ஆயா பக்கத்துல உட்கார்ந்து ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருக்காங்க. "இன்னா கண்ணு, அவுரு கொரலு இதுல இல்லியா?"

இருக்கு ஆயா, ஆனா திறக்கல. இந்த பதிலை எண்பது வயசுக்காரங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது? அதுக்காக யோசிச்சதுதான் இந்த எபிசோடு. மீடியா ப்ளேயரோட வரலாறு. ஒரு ஃபைலை எதுல போட்டுப் பார்க்கறதுன்னு நாம எடுக்கற சின்ன முடிவு, அந்த ஃபைல் இருபது வருஷம் கழிச்சு உயிரோட இருக்குமா இல்லையான்னு தீர்மானிக்கற கதை.

முதல்ல, டிபன் கேரியர்

ஒரு அடிப்படை விஷயத்தை முடிச்சுக்கலாம். வீடியோ ஃபைலை ஒரு டிபன் கேரியரா நினைச்சுக்கோங்க. ஒரு அடுக்குல படம், இன்னொரு அடுக்குல சத்தம், சில சமயம் மூணாவது அடுக்குல சப்டைட்டில். இந்த கேரியருக்குப் பேர் கன்டெய்னர். எம்பி4, ஏவிஐ, எம்கேவி இதெல்லாம் கேரியரோட பேர்தான். உள்ள இருக்கிற சாப்பாடு எப்படிச் சுருக்கி அடைக்கப்பட்டிருக்குங்கறதுதான் கோடெக்.

ப்ளேயர் செய்யற வேலை மூணு. கேரியரைப் பிரிக்கணும். ஒவ்வொரு அடுக்கையும் அதோட கோடெக் தெரிஞ்சு விரிக்கணும். படமும் சத்தமும் ஒண்ணுக்கொண்ணு தப்பாம ஒரே நேரத்துல பரிமாறணும். கேரியரைத் திறக்கத் தெரிஞ்சு கோடெக் தெரியலன்னா, சத்தம் மட்டும் வரும், படம் கருப்பா இருக்கும். நம்ம எல்லாரும் பார்த்த காட்சி.

இப்போ தாத்தாவோட நாலு ஃபைலுக்கு வருவோம்.

முதல் ஃபைல்: 90 நிமிஷம், 13 எம்பி

முதல் ஃபைல் டாட் ஆர்எம். ரியல் மீடியா. ஒரு 90 நிமிஷ கேசட்டை சித்தப்பா கம்ப்யூட்டர்ல ஏத்தினது. மொத்தமே 13 எம்பிதான். அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3யா மாத்தியிருந்தா 86 எம்பி வந்திருக்கும்.

இது ஏன் இவ்வளவு சின்னது? காரணம் டெலிபோன் லைன். 1995 ஏப்ரல்ல அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துல ப்ரோக்ரெசிவ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் ரியல் ஆடியோ ப்ளேயரை வெளியிட்டது. ஆரம்பிச்சவர் ராப் க்ளேசர். அப்போ வீடுகளுக்கு இன்டர்நெட் மோடம் வழியாத்தான் வந்தது. இந்தியாவுல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பிச்சது அதே வருஷம் ஆகஸ்ட் 15. அந்த வேகத்துல ஒரு பாட்டை முழுசா இறக்கறதுக்குள்ள சோறு வடிச்சுடலாம். ரியல் ஆடியோ, இறங்க இறங்கவே பாட வச்சது. இன்னைக்கு நாம ஸ்ட்ரீமிங்னு சொல்றதோட ஆரம்பங்களில் ஒண்ணு அது. வெளிநாட்டுல இருந்த தமிழர்கள் பலர் இன்டர்நெட்ல முதல்முதலா தமிழ்ப் பாட்டு கேட்டது இந்த மாதிரி ஃபைல்கள்லதான்.

பிரச்சினை எங்க வந்தது? அந்தக் கேரியரும் கோடெக்கும் ஒரே நிறுவனத்தோட சொத்து. திறக்கணும்னா அவங்க ப்ளேயர்தான் வேணும். போகப் போக அந்த ப்ளேயர் விளம்பரமும் அறிவிப்புமா நிரம்பிப் போச்சு. 2006ல பிசி வேர்ல்டு பத்திரிகை எல்லா காலத்துக்குமான மோசமான 25 டெக் தயாரிப்புகளைப் பட்டியல் போட்டப்போ, ரியல் ப்ளேயருக்கு ரெண்டாவது இடம் கொடுத்தது. ஜனங்க ப்ளேயரைத் தூக்கிப் போட்டாங்க. ஃபைல்கள் மட்டும் அங்கங்க அனாதையா தங்கிடுச்சு.

கோட்டை யாருடையது?

இங்க கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கணும். எங்க திண்ணையில இருந்து பார்த்தா ராஜகிரி தெரியும். கிருஷ்ணகிரி, ராஜகிரி, சந்திரகிரி, மூணு மலையையும் மதில் போட்டு வளைச்சதுதான் செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலைல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்ங்கற பேர்ல 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க. அதுல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான்.

ஆனா அது மராத்தியர்கள் கையில மட்டுமா இருந்தது? நாயக்கர்கள்கிட்ட இருந்து 1649ல பீஜப்பூர் சுல்தான்கள். 1677ல சிவாஜி. வருஷக்கணக்கான முற்றுகைக்கு அப்புறம் 1698ல முகலாயர்கள். 1750ல பிரெஞ்சுக்காரர்கள், 1761ல ஆங்கிலேயர்கள். ஒவ்வொரு தடவையும் சாவி கை மாறுச்சு.

ப்ளேயர்களோட வரலாறும் ஏறக்குறைய இதேதான். விண்ஆம்பை எடுத்துக்கோங்க. 1997ல ஜஸ்டின் ஃப்ராங்கல்னு ஒரு இளைஞர் எழுதினது. எம்பி3யை உலகத்துக்குப் பழக்கினதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. 2000கள்ல எங்க ஊர் மொபைல் கடை அண்ணன் மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தர்றப்போ, "கேட்டுப் பாரு தம்பி"ன்னு போட்டுக் காட்டினதும் அதுலதான். 1999லயே ஏஓஎல் நிறுவனம் அதை வாங்கிடுச்சு. 2013ல மூடப் போறோம்னு அறிவிச்சாங்க. 2014ல வேற கைக்குப் போச்சு.

நம்ம ஊர்க் கதை வேணுமா? எம்எக்ஸ் ப்ளேயர். 2011ல தென்கொரியாவுல இருந்து வந்த ஆப். போன்ல இருக்கிற எந்தப் படத்தையும் ஓட்டும், சப்டைட்டில் அழகா காட்டும். இந்தியாவுல எவ்வளவு பேர் போன்ல அது இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். 2018ல டைம்ஸ் இன்டர்நெட் சுமார் 1,000 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2019ல அது ஓடிடி ஆப்பா மாறுச்சு. 2024ல அமேசான் கைக்குப் போய் இன்னைக்கு அமேசான் எம்எக்ஸ் ப்ளேயர். நம்மகிட்ட இருக்கிற ஃபைலை ஓட்டறதுக்காக இறக்கின ஒரு ஆப், அவங்ககிட்ட இருக்கிறதை நமக்கு ஓட்டற ஆப்பா ஆயிடுச்சு. இதுல தப்புன்னு சொல்ல ஒண்ணுமில்ல, அது வியாபாரம். ஆனா நாம தேர்ந்தெடுத்தது ஒண்ணு, போன்ல இருக்கிறது இன்னொண்ணு.

பெரிய சண்டையும் நடந்திருக்கு. விண்டோஸோட விண்டோஸ் மீடியா ப்ளேயரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கறது போட்டியாளர்களை நசுக்குதுன்னு சொல்லி, 2004 மார்ச்ல ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. ப்ளேயர் இல்லாத விண்டோஸையும் விக்கணும்னு உத்தரவு. அப்படி வந்ததுதான் விண்டோஸ் எக்ஸ்பி என். அதை வாங்க ஆளே இல்ல. ஏன்னா நம்மள்ல பெரும்பாலானவங்க ப்ளேயரைத் தேர்ந்தெடுக்கறதே இல்ல. கூட வந்ததையே வச்சுக்கறோம்.

ரெண்டாவது, மூணாவது ஃபைல்

ரெண்டாவது ஃபைல் டாட் டேட். இதைப் பார்த்ததும் சிலருக்கு சிரிப்பு வந்திருக்கும். விசிடி! 2000களோட கல்யாண வீடியோ, திருட்டு விசிடி, காதுகுத்து, எல்லாம் இதுலதான். விசிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டா எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள டாட் டேட்னு ஒரு ஃபைல் இருக்கும். 1993ல வகுத்த ஃபார்மட். 352க்கு 288 புள்ளி, ஒரு சிடிக்கு 74 நிமிஷம். உள்ள இருக்கிறது சாதாரண எம்பெக்-1தான். டேட்ங்கற பேரை எடுத்துட்டு எம்பிஜின்னு பேர் மாத்தினா பல ப்ளேயர் ஓட்டிடும்னு அப்போ ஒவ்வொரு ப்ரவுசிங் சென்டர் அண்ணனுக்கும் தெரியும். ஃபைல் பேரோட வால் வெறும் லேபிள்தான்ங்கறதுக்கு இது நல்ல உதாரணம்.

எங்க விசிடியில இருக்கிறது படுகளம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். செஞ்சிப் பகுதியில திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பாரதம்தான். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, கடைசி நாள் காலையில மண்ணுல படுத்த மாதிரி பிரம்மாண்டமா துரியோதனன் உருவம் செஞ்சு அதைச் சுத்தி படுகளம், சாயந்திரம் தீமிதி. பக்கத்துல இருக்கிற மேலச்சேரி கோயில்தான் ஆதி திரௌபதி கோயில்னு பல ஊர்க்காரங்க சொல்லுவாங்க. ஆல்ஃப் ஹில்டபைட்டல்னு ஒரு அமெரிக்க அறிஞர் இங்க வந்து ஆராய்ச்சி பண்ணி, 1988ல திரௌபதி வழிபாடு பத்தின பெரிய புத்தகத்தோட முதல் பகுதியை வெளியிட்டார். அதோட துணைத் தலைப்பே செஞ்சியில இருந்து குருக்ஷேத்திரம் வரைக்கும்ங்கறதுதான்.

மூணாவது ஃபைல் 3ஜிபி. அளவு இல்லீங்க, ஃபார்மட்டோட பேரே அதுதான். ஸ்மார்ட்போனுக்கு முந்தைய கேமரா போன்கள்ல எடுத்த வீடியோ. தாத்தா கடைசியா ஆடினது, 2009. உள்ள சத்தம் ஏஎம்ஆர்ங்கற கோடெக்ல இருக்கு. அது போன் பேச்சுக்காகச் செஞ்சது. மனுஷக் குரல் புரியற அளவுக்கு மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வெட்டிடும். அதனால தாத்தா குரல் இருக்கு. முகவீணையோட கூர்மை இல்ல, தாளத்தோட கணீர் இல்ல. பதிவாகாததை எந்த ப்ளேயரும் திருப்பித் தராது.

பாரிஸ் மாணவர்களும் ஒரு ஆரஞ்சுக் கூம்பும்

இந்த மூணு ஃபைலையும் திறந்தது உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த ஆரஞ்சுக் கூம்புதான். விஎல்சி.

1996. பாரிஸ் பக்கத்துல எக்கோல் சென்ட்ரால்ங்கற பொறியியல் கல்லூரி. ஹாஸ்டல் நெட்வொர்க் ரொம்ப மெதுவா இருந்தது. வேகமான நெட்வொர்க் வேணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும் இல்லையா? சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியா எல்லா ரூமுக்கும் அனுப்பறோம்னு மாணவர்கள் ஒரு திட்டம் போட்டாங்க. அதுதான் வீடியோலேன். அனுப்பற பக்கம் ஒரு மென்பொருள், வாங்கிப் பார்க்கற பக்கம் ஒரு மென்பொருள். பார்க்கற பக்கத்து மென்பொருள்தான் வீடியோலேன் க்ளையன்ட், சுருக்கமா விஎல்சி. கூம்பு ஏன்? கல்லூரிப் பசங்க ரோட்டுல இருந்து தள்ளிட்டு வந்து சேர்த்து வச்சிருந்த போக்குவரத்துக் கூம்புகள்தான்.

2001 பிப்ரவரி 1ம் தேதி அதை ஜிபிஎல் உரிமத்துல வெளியிட்டாங்க. யார் வேணும்னாலும் மூல நிரலைப் படிக்கலாம், மாத்தலாம், பகிரலாம். ஆனா மாத்தினதைப் பகிர்ந்தா அதே உரிமையை மத்தவங்களுக்கும் கொடுக்கணும். இதோட ஃபாப்ரிஸ் பெல்லார்ட்ங்கற பிரெஞ்சு நிரலாளர் 2000ல ஆரம்பிச்ச எஃப்எஃப்எம்பெக் திட்டத்தையும் சேர்த்துக்கோங்க. பூட்டின கோடெக்குகளை உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் ஒண்ணொண்ணா ஆராய்ஞ்சு, அதைத் திறக்கற நிரலைச் சொந்தமா எழுதினாங்க. அந்தத் திறவுகோல்களை விஎல்சி தனக்குள்ளயே வச்சிருக்கு. தனியா கோடெக் பேக் எதுவும் இறக்க வேண்டாம்.

பல வருஷமா திட்டத்தை நடத்தற ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப், விளம்பரம் சேர்க்கச் சொல்லி வந்த பெரிய தொகைகளை மறுத்ததா வெளிப்படையா சொல்லியிருக்கார். 2025 ஜனவரியில பதிவிறக்கம் 600 கோடியைத் தாண்டியதா அறிவிச்சாங்க.

அப்போ விஎல்சிக்குச் சிக்கலே வராதா? வந்தது, அதுவும் நம்ம நாட்டுலதான். 2022 பிப்ரவரியில இருந்து இந்தியாவுல வீடியோலேன் தளம் திறக்கல. பொது அறிவிப்பு எதுவும் இல்ல, நடத்தறவங்களுக்கே காரணம் சொல்லப்படல. அக்டோபர்ல இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோட அவங்க தொலைத்தொடர்புத் துறைக்கும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் சட்ட நோட்டீஸ் அனுப்பி, தடை உத்தரவோட நகலைக் கேட்டாங்க. நவம்பர் நடுவுல தடை நீங்குச்சு. இந்த ஒன்பது மாசத்துல என்ன ஆச்சு? ஏற்கெனவே இறக்கி வச்சிருந்தவங்களுக்கு விஎல்சி வழக்கம் போல ஓடுச்சு. ப்ளே ஸ்டோர்ல கிடைச்சது. லினக்ஸ்காரங்களுக்கு வேற சர்வர்கள்ல இருந்து வந்தது. மூல நிரல் நூறு இடத்துல இருக்கறப்போ ஒரு வாசலை அடைச்சா வீடு பூட்டின மாதிரி ஆகாது.

நாலாவது ஃபைல்

நாலாவது ஃபைலை விஎல்சியும் திறக்கல.

அதுலதான் அந்த வரவுப் பாட்டு முழுசா இருக்கு. கூத்து ட்ரூப்பை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் ஆடியோ சிடியா பதிவு பண்ணது. சித்தப்பா சிடியைக் கம்ப்யூட்டருக்கு மாத்தறப்போ, ஒரு செட்டிங்ல காப்பிப் பாதுகாப்புங்கற டிக் இருந்திருக்கு. பாதுகாப்புன்னா நல்லதுதானேன்னு விட்டுட்டார். அந்த டிக்குக்கு அர்த்தம் டிஆர்எம். ஃபைல் பூட்டப்படும், சாவி அந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாச்சு. சிடியையும் காணோம்.

இது எங்க வீட்டுக்கு மட்டும் நடந்தது இல்ல. 2000கள்ல காசு கொடுத்து டிஜிட்டல் பாட்டு வாங்கின உலகம் முழுக்க இருந்த ஜனங்களுக்கு இதே பயம் இருந்தது. 2008ல மைக்ரோசாஃப்ட், எம்எஸ்என் மியூசிக்ல வாங்கின பாட்டுகளுக்குச் சாவி கொடுக்கற சர்வரை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சப்போ பெரிய எதிர்ப்பு வந்து, அதைத் தள்ளிப் போட வேண்டி வந்தது. 2009ல ஆப்பிள் தன்னோட கடையில விக்கற பாட்டுகள்ல இருந்து பூட்டை எடுத்தது.

கோடெக் தெரியலன்னா யாராவது ஒருத்தர் கத்துக்கிட்டு வந்து எழுதிடலாம். சாவி தொலைஞ்ச பூட்டு அப்படி இல்ல.

ஆயாகிட்ட முதல்ல விசிடியைப் போட்டுக் காட்டினேன். தாத்தா கிரீடமும் புஜக்கட்டையுமா, முகம் முழுக்கச் சிவப்பு. ஆயா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இந்தச் சலங்கை எங்கண்ணன் வாங்கித் தந்தது"ன்னாங்க. அவ்வளவுதான்.

வரவுப் பாட்டுக்கு என்ன பண்ணோம்? தாத்தாவுக்குப் பின்பாட்டு பாடின பெரியவர் ஒருத்தர் இன்னும் இருக்கார். அவர் வீட்டுக்குப் போனோம். "எனக்கெங்கப்பா இப்போ ஞாபகம்"னு ஆரம்பிச்சவர், பையன் தாளத்தைத் தட்டினதும் பாட ஆரம்பிச்சுட்டார். முக்கால்வாசி வந்தது. மிச்சம் வரல. அது அந்தப் பூட்டின ஃபைல்லதான் இருக்கு. ஃபைலை நான் அழிக்கல.

தேசிங்கு ராஜா ஞாபகம் வந்தது. ஆற்காடு நவாப் படையோட மோதி 1714ல செத்துப் போனவர். ஆண்டது ஒரு வருஷம்கூட இருக்காது. கோட்டைச் சாவி அதுக்கப்புறம் எத்தனையோ கைக்குப் போச்சு. அவர் கதைப்பாட்டு மட்டும் முன்னூறு வருஷமா இருக்கு, ஏன்னா அதைப் பாட யாரோட அனுமதியும் வேண்டியிருக்கல. கேட்டவன் கத்துக்கிட்டான், கத்துக்கிட்டவன் பாடினான்.

அதனால எந்த ப்ளேயர்னு கேட்டீங்கன்னா என் பதில் இது. இன்டர்நெட் இல்லாம ஓடணும், தனி கோடெக் கேட்கக் கூடாது, மூல நிரல் திறந்திருக்கணும். விஎல்சி போதும். கொஞ்சம் கீபோர்டுல விளையாடப் பிடிச்சவங்களுக்கு எம்பிவி இருக்கு. எதுவா இருந்தாலும் அவங்க சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க. பழைய ஃபைல் கிடைச்சா உடனே வேற ஃபார்மட்டுக்கு மாத்திட்டு மூலத்தை அழிச்சுடாதீங்க. ஒவ்வொரு மாத்தலிலும் கொஞ்சம் குறையும். மூலத்தை அப்படியே ரெண்டு இடத்துல வைங்க, கேட்கறதுக்குத் தனியா ஒரு நகல் போடுங்க. புதுசா பதிவு பண்றீங்கன்னா ஃப்ளாக் மாதிரி யாருக்கும் சொந்தமில்லாத, தரம் குறையாத ஃபார்மட்ல வைங்க. பெரியவர் பாடினதை நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

இந்த வாரக் கடைசியில உங்க வீட்டுப் பழைய சிடி, மெமரி கார்டு, பட்டன் போன் எதையாவது எடுத்துப் பாருங்க. எது திறக்குது, எது திறக்கலன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. திறக்காததுல இருக்கறதை ஞாபகம் வச்சிருக்கறவங்க இன்னும் இருக்காங்கன்னா, முதல்ல அவங்க வீட்டுக்குப் போங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.